தொழிலுக்கேற்ற கல்வி: பாடத் திட்டத்தை வகுப்பவர் யார்?

கேட்பாரில்லாத ரகத்தை நெய்து அடுக்கினால் கிடங்கில் சரக்குத் தேங்கும் என்பதை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சந்தை நிலவரத்தை விசாரியாமல் பயிரிட்டவன் படும் பாட்டை விவசாயியும் நன்கு அறிவான். எனினும், தேங்கிய துணியைத் தள்ளுபடி கொடுத்தேனும் விற்றுவிடலாம். ஒரு போகத்தில் வந்த நஷ்டத்தை மறு போகத்தில் ஈடுசெய்ய முயலலாம். வேலைக்கு உதவாத பயிற்சி ஒன்றில் ஓர் இளைஞன் செலவிட்ட இரண்டு ஆண்டுகளை எந்தத் தள்ளுபடி கொடுத்தும் மீட்க இயலாது.

ஆய்வுக்காகச் செல்லும் சங்கங்களில், கணக்கு விவகாரங்கள் முடிந்த பின் அங்கத்தினர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்க்கலாம்? முடித்தால் வேலை கிடைக்குமா?" என்பதே அது. இதற்கு விடை தேடுமுன் வேறொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். அந்தப் படிப்பை வகுத்தவர் யார்? வகுத்தபோது, நாளை வேலை கொடுக்கப் போகிறவர் உடன் இருந்தாரா?

இந்த இரண்டாவது கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டு வரும் கல்வி நிலையங்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ளன. சமுதாயக் கல்லூரிகள் என்பது அவற்றின் பெயர். அவை பெற்ற லாபத்திலிருந்தும் பட்ட நஷ்டத்திலிருந்தும் நாம் அறிந்துகொள்ளத் தக்கவை பல.

சமுதாயக் கல்லூரி என்பது யாது?

உயர்நிலைப் பள்ளியை முடித்தவர் எவரும் போட்டித் தேர்வின்றிச் சேரத்தக்க ஈராண்டுக் கல்லூரியே சமுதாயக் கல்லூரி. பல்கலைக் கழகத்தை நோக்கக் கட்டணம் குறைவு. ஊருக்கு அருகிலேயே இருக்கும். பகலில் வேலை செய்பவர் மாலை வகுப்பில் சேர்ந்து படிக்கலாம். இத்தகைய கல்லூரிகள் இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டு இயங்குகின்றன.

இவற்றுள் இன்றும் நடைபெறும் மிகப் பழைய அரசுக் கல்லூரி, இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ம் ஆண்டில் தோன்றியது. அந்நகர உயர்நிலைப் பள்ளியின் தலைவர் ஸ்டான்லி பிரௌனும், சிக்காகோ பல்கலைக் கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் அதனைத் தோற்றுவித்தனர். தொடக்கத்தில் மாணவர்கள் ஆறு பேரே. பல்கலைக் கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைச் சொந்த ஊரிலேயே முடித்துக்கொள்ளச் செய்வதே அதன் அன்றைய நோக்கம். 1947-ம் ஆண்டில், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர் கல்விக் குழு, நாடெங்கும் இத்தகைய கல்லூரிகளைப் பெருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் பரவியதும் அதன் பின்னரே.

ஆகவே இக்கல்லூரிக்கு இரண்டு வேலைகள் ஏற்பட்டன. ஒன்று, மேற்படிப்புக்குப் படிக்கட்டாக இருப்பது. மற்றொன்று, தொழிலுக்கு வாயிலாக இருப்பது. இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் நடத்துவது எளிதன்று. தொழிற் பக்கம் மிகவும் சாய்ந்தால் மாணவன் ஒரு யந்திரத்துக்கு மட்டும் உரியவனாகிறான். ஏட்டுப் பக்கம் மிகவும் சாய்ந்தால் கையில் சான்றிதழும் வாயில் கேள்வியுமாக நிற்கிறான்.

வட கரோலினாவின் ஏற்பாடு

இவ்விஷயத்தில் நமக்கு மிகவும் பொருந்தும் உதாரணம் வட கரோலினா மாநிலம். பருத்தி ஆலை, புகையிலைச் சாகுபடி, மரச் சாமான் உற்பத்தி ஆகிய மூன்றையும் நம்பி வாழ்ந்த நாடு அது. 1950-களின் நடுவில் அங்கு கவர்னராக இருந்த லூதர் ஹாட்ஜஸ், ஜவுளி ஆலை நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்தவர். புதிய தொழில்கள் வரவேண்டுமானால் பயின்ற கைகள் தயாராக இருக்க வேண்டும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர். அவர் காலத்தில், 1957-ம் ஆண்டில், தொழிற் கல்வி நிலையங்களை அமைக்க மாநிலச் சட்டசபை பணம் ஒதுக்கியது. 1963-ம் ஆண்டுச் சட்டம் அந்நிலையங்களையும் ஈராண்டுக் கல்லூரிகளையும் ஒரே அமைப்பின் கீழ்க் கொணர்ந்தது. இன்று அம்மாநிலத்தில் 58 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன.

அங்கு ஏற்பட்ட முக்கியமான வழக்கம் ஒன்றுண்டு. மாநிலத்தில் புதிதாகத் தொழிற்சாலை அமைப்பவரும், உள்ள தொழிற்சாலையை விரிவாக்கி ஆட்களைச் சேர்ப்பவரும், தமக்கு வேண்டிய திறமை இன்னதென்று கல்லூரியிடம் தெரிவிக்கலாம். அதற்கேற்ற பயிற்சியைக் கல்லூரி பொதுப் பணத்திலிருந்து அளிக்கும். தொழிற்சாலை திறக்கும் நாளில் ஆட்கள் தயாராக இருப்பார்கள்.

இங்கு ஒரு நியாயமான ஐயம் எழும். முதலாளிக்கு வேண்டிய பயிற்சிக்கு வரிப் பணம் எதற்கு? இதற்கு விடை பயிற்சியின் தன்மையைப் பொறுத்தது. குறிப்பிட்ட ஓர் ஆலையின் குறிப்பிட்ட யந்திரத்தை மட்டும் இயக்கக் கற்றவனுக்கு அந்த ஆலைக்கு வெளியே மதிப்பில்லை. அப்பயிற்சியின் பலன் முதலாளிக்கே சேரும். அளவெடுத்தல், வரைபடம் வாசித்தல், மின் இணைப்பைச் சோதித்தல் போன்றவற்றைக் கற்றவன் எங்கு சென்றாலும் அத்திறமை அவனுடன் செல்லும். அதன் பலன் தொழிலாளிக்கும் உண்டு. முன்னதற்கு முதலாளி செலவிட வேண்டும். பின்னதற்குச் சமுதாயம் செலவிடுவது முறையே. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் பணம் கொடுத்தால், கல்லூரி ஆலையின் பயிற்சிக் கூடமாக மாறிவிடும்.

ஒரே ஆலையை நம்பிய ஊர்

ஒருவரை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு அதே மாநிலத்தின் கன்னாபொலிஸ் நகரம் சான்று. ஜேம்ஸ் கேனன் என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலைக்காகவே அமைத்த ஊர் அது. துவாலைகளும் படுக்கை விரிப்புகளும் அங்கு உற்பத்தியாயின. வீடுகளும் கடைகளும் நெடுங்காலம் ஆலைக்கே சொந்தம். 1984-ம் ஆண்டு வரை அவ்வூருக்கு நகரசபையே கிடையாது.

ஆலையில் வேலைக்குச் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டியதில்லை. தகப்பன் வேலை செய்த இடத்தில் மகனும் மகளும் சேர்ந்தனர். பள்ளியைப் பாதியில் விட்டாலும் கூலி நிச்சயம். ஒரு வகையில் பார்த்தால், வேலை கொடுப்போரின் தேவையும் ஊராரின் கல்வியும் அங்கு முற்றிலும் பொருந்தியே இருந்தன. அப்பொருத்தமே பின்னர் ஆபத்தாயிற்று.

ஆலை பல கைகள் மாறி, 1997-ம் ஆண்டில் பில்லோடெக்ஸ் என்னும் கம்பெனியின் வசமாயிற்று. கடன் சுமை ஒரு புறம். விலை மலிவான இறக்குமதித் துணி மறு புறம். 1995-ல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தப்படி ஜவுளி இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்து, 2005-ம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுற இருந்தன. 2003-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பில்லோடெக்ஸ் கம்பெனி தன் ஆலைகளை மூடியது. வட கரோலினாவில் மட்டும் ஏறத்தாழ 4,800 பேர் ஒரே நாளில் வேலை இழந்தனர்.

அவர்களில் மிகப் பலர் ரோவன்-கபாரஸ் சமுதாயக் கல்லூரியின் வாயிலை நாடினர். அயல்நாட்டுப் போட்டியால் வேலை இழந்தோர்க்கென அக்காலத்தில் நடைமுறையில் இருந்த மத்திய அரசாங்க உதவித் திட்டம் படிப்புச் செலவை ஏற்றது. ஆனால் கல்லூரி அவர்களுக்கு உடனே புதுத் தொழிலைக் கற்பிக்க முடியவில்லை. பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். கணக்கும் வாசிப்பும் முதலில் கற்பிக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகள் தறியருகே நின்றவர், இளைஞர்களுடன் அமர்ந்து எழுத்துப் பயிற்சியைத் தொடங்க வேண்டியதாயிற்று.

மூடிய ஆலையின் இடத்தில் 2008-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வளாகம் திறக்கப்பட்டது. உணவு, ஊட்டம், உயிரியல் ஆகியவற்றில் பல்கலைக் கழகங்கள் அங்கு ஆய்வு நடத்துகின்றன. ஊருக்கு அது புத்துயிர் தந்ததென்பது மெய்யே. ஆயினும் ஆராய்ச்சிக் கூடத்தில் கிடைக்கும் வேலையும் துவாலை ஆலையில் இழந்த வேலையும் ஒரே கைகளுக்கு உரியவை அல்ல. இடையில் இருந்த பள்ளம் கல்வியால் மட்டுமே நிரப்பத்தக்கது; அதை நிரப்பப் பல ஆண்டுகள் வேண்டும். ஊர் முழுவதும் ஒரே வியாபாரிக்கு நெய்து பழகிய பின் அவர் கடையை மூடினால் நேரும் நிலையை ஒத்தது இது.

புகையிலைப் பணத்தில் பிறந்த பயிற்சி

அதே மாநிலத்தில், ஏறக்குறைய அதே ஆண்டுகளில், வேறு விதமான முயற்சி ஒன்றும் நடந்தது. 1998-ம் ஆண்டில் அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகள் 46 மாநிலங்களுடன் உடன்பாடு செய்துகொண்டு, நோய்ச் செலவுக்கு ஈடாகப் பெருந்தொகை கொடுக்க இசைந்தன. வட கரோலினா தன் பங்கில் பாதியை, புகையிலையை நம்பிய ஊர்களின் எதிர்காலத்துக்கென ஒதுக்கி, 1999-ம் ஆண்டில் கோல்டன் லீஃப் என்னும் அறநிலையத்தை ஏற்படுத்தியது. சாகுபடி குறைந்த பின் உழவர் பிள்ளைகள் எதைக் கொண்டு பிழைப்பர் என்பதே அதன் முன் இருந்த கேள்வி.

மருந்துகளையும் தடுப்பூசிகளையும் உயிரணுக்களைக் கொண்டு உற்பத்தி செய்யும் தொழிற்சாலைகள் அம்மாநிலத்தில் பெருகி வந்தன. அவற்றுக்கு விஞ்ஞானிகள் மட்டும் போதவில்லை. யந்திரத்தருகே நின்று உற்பத்தியைக் கவனிக்கும் தொழிலாளிகள் வேண்டியிருந்தது. கம்பெனிகளும் கல்லூரிகளும் சேர்ந்து அவ்வேலைக்கெனக் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை வகுத்தன. 2003-ம் ஆண்டில் அவ்வறநிலையம் இத்துறைப் பயிற்சிகளுக்குச் சுமார் 6 கோடி டாலர் அளித்தது. அதில் ஒரு பங்கு சமுதாயக் கல்லூரிகளுக்கும் சென்றது.

அப்பயிற்சியில் கற்பிப்பது என்ன என்பதை நோக்கினால் உண்மை விளங்கும். சுத்தம் காத்தல், சரியாக அளவெடுத்தல், எழுதிவைத்த முறையை வரிசை தப்பாமல் பின்பற்றுதல், செய்ததை அவ்வப்போதே பதிவு செய்தல், தவறு நேர்ந்தால் மறையாது தெரிவித்தல் ஆகியவையே அதன் அடிப்படை. இவை எந்த மருந்துத் தொழிற்சாலைக்கும் பொது. ஒரு கம்பெனி மூடினாலும் மற்றொன்றில் இடம் கேட்கலாம். பல கம்பெனிகள் சேர்ந்து வகுத்ததனால், எந்த ஒரு கம்பெனியும் பாடத் திட்டத்தைத் தன் பக்கம் மட்டும் இழுத்துக்கொள்ள இயலவில்லை.

தொழிற்சாலையும் வகுப்பறையும்

வேலையும் படிப்பும் ஒருங்கே நடப்பதற்குக் கெண்டக்கி மாநிலத்தின் முறை நல்ல உதாரணம். அங்குள்ள ஜார்ஜ்டவுன் நகரில் 1988-ம் ஆண்டு முதல் மோட்டார் வண்டிகளைத் தயாரித்து வரும் டொயோட்டா கம்பெனிக்கு, யந்திரங்களைப் பழுது பார்க்கும் கைதேர்ந்த ஆட்கள் போதவில்லை. 2010-ம் ஆண்டில், புளூகிராஸ் சமுதாயக் கல்லூரியுடன் சேர்ந்து அக்கம்பெனி ஒரு பயிற்சியைத் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. மூன்று நாள் தொழிற்சாலையில் சம்பளத்துடன் வேலை. ஐந்து பருவங்களில் படிப்பு முடிந்து ஈராண்டுப் பட்டமும் கிடைக்கும். மின்சாரம், நீரழுத்த யந்திரம், பற்றவைப்பு ஆகியவற்றோடு, நேரம் தவறாமை, கூடி வேலை செய்தல், காரணத்தை ஆராய்ந்து பழுதைக் கண்டறிதல் ஆகியவையும் பாடங்களே.

விரைவில் அப்பகுதியின் மற்றக் கம்பெனிகளும் இதில் சேர்ந்தன. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய சில மாணவர்களை ஏற்றுச் சம்பளம் கொடுத்தது. தனித்தனியே பயிற்சி நடத்த இயலாத சிறு கம்பெனிகளும் கூட்டாகச் சேர்ந்ததனால் பலன் அடைந்தன. கூட்டுறவின் தத்துவத்தை நாம் இதில் காணலாம். பின்னர் இம்முறை வேறு பல மாநிலங்களுக்கும் பரவியது. 2019-ம் ஆண்டில் டொயோட்டா இதன் பொறுப்பைத் தொழில் துறையினரின் பொது நிலையம் ஒன்றிடம் ஒப்படைத்தது.

2020-ம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, கெண்டக்கியில் இப்பயிற்சியில் சேர்ந்தோரில் சுமார் 80 சதவிகிதம் பேர் படிப்பை முடித்தனர் என்று கண்டது. அதே கல்லூரிகளில் தொழிற் படிப்பில் சேர்ந்த மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரும் முடிக்கவில்லை. எனினும் கணக்கை ஆராய்பவன் இங்கு ஓர் எச்சரிக்கையைக் குறித்துவைக்க வேண்டும். இப்பயிற்சிக்கு மாணவர்களைக் கம்பெனிகளே பொறுக்கி எடுக்கின்றன. ஆகையால், வெற்றி முழுவதையும் பயிற்சி முறையின் வரவில் வைப்பது சரியாகாது. மாணவர் தேர்வுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும், படிக்கும்போதே சம்பளம் கிடைப்பதால் வறுமையின் காரணமாகப் படிப்பை இடையில் விட வேண்டியதில்லை என்பது தெளிவு.

வேலை செய்பவரையே கேட்பது

தொழிலின் தேவையை அறிய முதலாளியைக் கேட்டால் போதுமா? போதாது. தறியில் பாவு ஏன் அறுகிறது என்பதை மேஜையருகே இருப்பவரை விடத் தறியில் இருப்பவரே அறிவார். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, 1960-களின் இறுதியில் கானடாவில் தோன்றிப் பின் அமெரிக்கக் கல்லூரிகளில் பரவிய முறை ஒன்று உண்டு. அதன் பெயர் டேக்கம்.

அது நடைபெறும் விதம் மிக எளியது. ஒரு தொழிலில் சிறந்து விளங்கும் தொழிலாளிகள் ஐந்து முதல் பன்னிரண்டு பேரை ஒரே அறையில் சுமார் இரண்டு நாட்கள் அமர்த்துகிறார்கள். நடத்துபவர் ஒருவர் கேள்வி கேட்பார். தாமாக விடை சொல்லமாட்டார். "உங்கள் வேலையில் நீங்கள் செய்வது என்ன?" என்பதே கேள்வி. சொல்லும் ஒவ்வொரு வேலையும் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டப்படும். பொறுப்புகள் இன்னின்ன, அவற்றுள் அடங்கிய வேலைகள் இன்னின்ன, வேண்டிய அறிவும் கருவிகளும் இன்னின்ன என்று வரிசைப்படுத்துவார்கள். எது முதலில், எது பின்பு, எதில் புதியவன் தவறு செய்வான் என்பதும் வெளிவரும். அந்தச் சுவர்ப் பட்டியலிலிருந்து ஆசிரியர்கள் பாடத் திட்டத்தை எழுதுவார்கள்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. நம் சங்கம் ஒன்றில் சாயம் போடுபவர், பாவு ஓட்டுபவர், டிசைன் அட்டை அடிப்பவர், தரம் பார்ப்பவர் ஆகியோரை இரண்டு நாள் உட்கார வைத்து இவ்வாறு கேட்டால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடத் திட்டம் கிடைக்கும்.

பொருத்தம் தவறுவது எங்கே?

பெயரளவில் ஆலோசனைக் குழு இல்லாத தொழிற் கல்லூரி அமெரிக்காவிலும் அரிது. ஆண்டுக்கு ஒரு முறை கூடி, தேநீர் அருந்தி, சென்ற ஆண்டுத் திட்டத்தையே அங்கீகரித்துக் கலையும் குழுவால் பலன் இல்லை. கோரம் சேர்ந்ததும் தீர்மானங்களை வாசித்து முடித்துவிடும் பொதுக்குழுக் கூட்டத்தை ஒத்தது அது. ஆகவே அங்கு சட்டமே தலையிட வேண்டியதாயிற்று. வேலைப் பயிற்சிக்கான மத்தியப் பணத்தை நிர்வகிக்கும் உள்ளூர்க் குழுக்களில் பெரும்பான்மையோர் தொழில் துறையினராக இருக்க வேண்டும் என்று 2014-ம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. தொழிற் கல்விக்கு மத்திய உதவி பெறுவோர், உள்ளூரில் எவ்வேலைக்கு ஆள் தேவை என்பதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் மீண்டும் ஆராய வேண்டும் என்று 2018-ம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது.

இவ்வாறு செய்தும் மூன்று இடங்களில் பொருத்தம் தவறக் காண்கிறோம். முதலாவது, காலம். முதலாளி தன் இன்றைய தேவையைச் சொல்கிறார். மாணவன் வேலைக்கு வருவதோ இரண்டு ஆண்டுகள் கழித்து. அதற்குள் யந்திரம் மாறிவிடலாம். இரண்டாவது, பொறுப்பு. ஆள் வேண்டும் என்று சொல்பவர், ஆளை எடுத்துக்கொள்வதாக வாக்களிப்பதில்லை. யந்திரமோ பயிற்சிக் கூலியோ கொடுப்பதுமில்லை. வாய்ச்சொல்லைக் கொண்டு வகுப்புத் தொடங்கினால் நஷ்டம் மாணவனுக்கே. மூன்றாவது, கூலி. பயின்றவனுக்கும் பயிலாதவனுக்கும் ஒரே கூலி கொடுத்துவிட்டு, திறமையுள்ள ஆள் கிடைக்கவில்லை என்று சொல்பவரின் குறையைக் கல்லூரி தீர்க்க முடியாது.

நம் நாட்டில்

சமுதாயக் கல்லூரி என்னும் ஏற்பாடு நம் பகுதிக்கும் புதிதன்று. இந்தியாவில் முதன்முதலாகப் புதுவைப் பல்கலைக் கழகம் 1995-ம் ஆண்டில் ஒரு சமுதாயக் கல்லூரியை நிறுவியது. அடுத்த ஆண்டிலேயே சென்னையில், சென்னை-மயிலை உயர் மறைமாவட்டத்தின் ஆதரவில் மற்றொன்று தோன்றியது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களும், கல்லூரிக்குச் செல்ல வசதியற்ற பெண்களும் சேரத்தக்க ஓராண்டுப் பயிற்சிகள் இவ்வியக்கத்தில் வளர்ந்தன. வாழ்க்கைக்கு வேண்டிய திறமை, தொழிலுக்கு வேண்டிய திறமை, தொழில் நடக்கும் இடத்திலேயே நேர்ப் பயிற்சி ஆகிய மூன்றும் அவற்றின் கூறுகள். 2013-ம் ஆண்டில் பல்கலைக் கழக மானியக் குழுவும், நடைபெறும் கல்லூரிகளுக்குள்ளேயே உள்ளூர்த் தொழில்களுடன் சேர்ந்து இத்தகைய பயிற்சிகளை நடத்தப் பணம் உதவும் திட்டத்தைத் தொடங்கியது.

உள்ளூர்த் தொழில் என்று சொல்லும்போது, பெரிய ஆலைகளையே எண்ணுவது வழக்கமாகிவிட்டது. நெசவாளர் சங்கமும், விற்பனைச் சங்கமும், பால் சங்கமும் தொழில்களே அல்லவா? அவற்றிலும் ஆள் தேவை உண்டு. கெட்டிச் சாயம் அறிந்தவர், கணிப்பொறியில் டிசைன் வரைபவர், விளைபொருளைத் தரம் பிரிப்பவர், குளிர்பதனக் கிடங்கின் யந்திரத்தைக் கவனிப்பவர், சங்கக் கணக்கைக் கணிப்பொறியில் எழுதுபவர் ஆகியோர் தேவைப்படுகின்றனர். பாடத் திட்டம் வகுக்கும் மேஜையில் இச்சங்கங்களின் பிரதிநிதிகள் அமர வேண்டும். அழைப்பு வராவிடில், நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, கல்லூரித் தலைவருக்கு நாமே எழுதிக் கேட்பதில் தவறொன்றும் இல்லை.

அங்கத்தினர் கேட்க வேண்டியவை

பெற்றோர் என்ற முறையில், ஒரு பயிற்சியில் பிள்ளையைச் சேர்க்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்பது நலம்.

1. இப்பாடத் திட்டத்தை வகுத்தபோது தொழில் துறையினர் எவரேனும் இருந்தனரா? ஒருவரா, பலரா?

2. சென்ற ஆண்டு சேர்ந்தவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், அதே தொழிலில் வேலை பெற்றவர் எத்தனை பேர்? இம்மூன்று எண்களையும் எழுத்தில் தர இயலாத நிலையத்தை, வரவு செலவு காட்டாத சங்கத்தைப் பார்ப்பது போலவே பார்க்க வேண்டும்.

3. தொழில் நடக்கும் இடத்தில் நேர்ப் பயிற்சி எத்தனை நாள்? அந்நாட்களுக்குக் கூலி உண்டா?

4. கொடுக்கும் சான்றிதழ் வேறு ஊரில், வேறு கம்பெனியில் செல்லுமா? அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு படிக்க வழி உண்டா?

5. கணக்கும், மொழியும், எழுதிப் பதிவு செய்யும் பழக்கமும் பாடத்தில் இடம் பெற்றுள்ளனவா? தொழில் மாறும் காலத்தில் கைகொடுப்பவை இவையே என்பதைக் கன்னாபொலிஸ் நகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

வேலை கொடுக்கும் சங்கம் என்ற முறையிலும் நமக்குக் கடமை உண்டு. நமக்கு இத்தனை ஆட்கள் இன்ன வேலைக்கு வேண்டும் என்று கல்லூரியிடம் எழுத்தில் தெரிவிப்பதும், பயில வரும் மாணவர்க்குத் தறியருகே இடம் கொடுப்பதும், பயின்று வந்தவர்க்கு அதற்குரிய கூலி கொடுப்பதும் அக்கடமையில் அடங்கும். ஒரு சங்கத்தால் இயலாவிடில், அருகிலுள்ள நான்கு சங்கங்கள் சேர்ந்து செய்யலாம். கெண்டக்கியின் சிறு கம்பெனிகள் அவ்வாறே செய்தன.

ஆர்டரைக் கேட்டுப் பாவு போடுவது நமக்குப் பழகிய வழக்கம். ஒரே வியாபாரிக்கு அடிமைப்படாமல் இருக்கவே நம் முன்னோர் சங்கம் கண்டனர். பிள்ளைகளின் கல்வியிலும் இவ்விரண்டையும் மறவாது கடைப்பிடிப்போமாக. வரும் பொதுக்குழுக் கூட்டத்தின் அஜெண்டாவில் இதற்கென ஒரு பொருளைச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தின் அங்கத்தினர்களும் தம் நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்வது தக்க தொடக்கமாகும்.